பட் நம்பர் இல்லாத துப்பாக்கி

வாடா அப்பு, உக்காரு. தோள்ல மாட்டின மேனிக்கே உக்காராதே, முதுகுல குத்தும். அதைக் கழட்டி அந்தக் கயித்துக் கட்டில்ல படுக்கப் போடு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து தெருவே உன்னையத்தான் பேசுது. பால்காரர் கேக்குறார், "ஒங்க பேரன் பட்டாளத்துல சேந்துட்டானா தாத்தா?"ன்னு. பட்டாளத்துல இல்லைப்பா, இப்போதைக்கு ரேஷன் கடை வரைக்கும்தான் அணிவகுப்பு போயிருக்கான்னு சொல்லி வச்சேன்.

பொட்டியில என்ன போட்டிருக்கு? ஏ.கே. 203-ஆ? அப்படிப் போடு! இந்த நாட்டு ராணுவத்துக்கே அது வந்து சேர என்ன பாடுபட்டுச்சு தெரியுமா? 2019 மார்ச்சுல பிரதமரே அமேதிக்குப் போய் ஆலையைத் தொடங்கி வச்சார். கோர்வாங்கிற இடத்துல ரஷ்யாக்காரனும் நாமளும் கூட்டு வியாபாரம். எல்லாரும் கை தட்டினோம். அப்புறம் ஒண்ணு என்ன விலை, எத்தனை பாகம் இங்க செய்யறது, எத்தனை அங்கேர்ந்து வர்றதுன்னு பேசினாங்க பேசினாங்க, பேசிக்கிட்டே இருந்தாங்க. புடின் டெல்லிக்கு வந்தப்ப, 2021 டிசம்பர்லதான் கையெழுத்து ஆச்சு. மொத்தம் 6,01,427 துப்பாக்கி. அந்தக் கடைசி இருபத்தேழு யாருக்குன்னு நானும் ரொம்ப நாளா யோசிக்கிறேன். முதல் 35,000 துப்பாக்கி ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு சேதி வந்தது 2024 ஜூலையில. உனக்கு? முந்தாநாள் போன்ல தட்டினே, நேத்து மத்தியானம் கூரியர்காரன் கதவைத் தட்டிட்டான். பாதுகாப்பு அமைச்சகத்துல உன்னைய மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா சீனாக்காரன் அன்னைக்கே பயந்து ஓடியிருப்பான்.

சரி, குடு பார்ப்போம். ம்... வெளியில பார்த்தா குத்தம் சொல்ல முடியாது. வளைஞ்ச மேகசின் இருக்கு. மேல தொலைநோக்கி மாட்டுற பல்லு இருக்கு. பின்கட்டை மடங்குது, நீட்டிச் சுருக்கவும் முடியுது. வலப்பக்கம் பாரு, இந்த நெம்பு. மேல நின்னா பூட்டு, நடுவுல நின்னா சரமா பொழியும், அடியில நின்னா ஒத்தை ஒத்தையா. ஏன் அந்த வரிசைன்னு தெரியுமா? பதறிப்போன சிப்பாய் அதை ஒரே அடியா அடிச்சு இறக்குவான். அப்போ அது கடைசிப்படிக்கு வந்து நிக்கும். அங்க ஒரு அழுத்துக்கு ஒரு தோட்டாதான். பயத்துல முப்பது தோட்டாவையும் ஆகாசத்துக்கு அனுப்பாம இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. இந்தப் பொம்மை செஞ்சவன் அதையும் அச்சு அசலாச் செஞ்சிருக்கான் பாரு! பயப்படுறவனுக்காகப் பண்ணின ஏற்பாடு, பயப்பட வேண்டியதே இல்லாதவன் கையில.

உள்ள என்ன இருக்குன்னு சொல்லவா? நீ எஞ்சினியரிங் படிச்சவன், நான் பட்டாளத்துல படிச்சவன். தப்புன்னா திருத்து. நெசத் துப்பாக்கியில தோட்டா வெடிச்சதும் குழல்ல பாயுற புகையில கொஞ்சம் மேல ஒரு ஓட்டை வழியாப் பிரியும். அது பிஸ்டனைப் பின்னால தள்ளும். பிஸ்டனோட போல்ட்டும் போகும், போற வழியில திரும்பிப் பூட்டு விடும், காலிக் கேஸைக் கவ்வி வெளியில வீசும், சுத்தியலைச் சாய்ச்சு வைக்கும். அப்புறம் ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால தள்ளும், வர்ற வழியில அடுத்த தோட்டாவை இழுத்துக்கிட்டு வரும். இத்தனையும் நீ கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள. நிமிஷத்துக்கு எழுநூறு வேகத்துல. குழலுக்கு உள்ள மரை வெட்டியிருக்கும், தோட்டா சுழண்டுகிட்டே போகணும்னு.

உன்னோடதுல? ஒரு பேட்டரி, ஒரு மோட்டார், மூணு பல்சக்கரம். மோட்டார் சக்கரத்தைச் சுத்தும், சக்கரம் ஸ்பிரிங்கை இழுக்கும், இழுத்த ஸ்பிரிங் விட்டதும் காத்து புஸ்ஸுன்னு தள்ளும், ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு ஓடிப்போகும். குழல்ல மரையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, வழவழன்னு கிடக்கும். அதுக்குப் பதிலா ஒரு ரப்பர் துண்டு வச்சிருக்கான். அது குண்டோட தலையை உரசிப் பின்பக்கமாச் சுழட்டி விடும், அதனால கீழ விழாம கொஞ்சம் தூரம் மிதந்து போகும். புத்திசாலித்தனம்தான், ஒத்துக்கிறேன். இதைக் கண்டுபிடிச்சவன் துப்பாக்கி செய்யலை, ஆனா நல்ல எஞ்சினியர்.

இப்ப நீயே கணக்குப் போடு. அந்தப் பிளாஸ்டிக் குண்டு கால் கிராம் கூட இல்லை, 0.20 கிராம். வினாடிக்கு நூறு மீட்டர்னு வச்சுக்க. எடையில பாதி, வேகத்தோட வர்க்கம், பெருக்கு. எவ்வளவு? ஒரு ஜூல். ஏ.கே. தோட்டா எட்டு கிராம் பக்கம், வினாடிக்கு எழுநூறு மீட்டருக்கு மேல. அது ரெண்டாயிரம் ஜூல் வரும். ஒண்ணு எங்க, ரெண்டாயிரம் எங்க! அதுக்காக அந்த ஒண்ணைச் சும்மான்னு நினைச்சுடாதே. கண்ணுல பட்டா கண்ணு போயிடும். கண்ணாடி போடாம விளையாடினே, அப்புறம் ஊர்ல பொண்ணு பார்க்கப் போறப்ப ஒத்தைக் கண்ணாலதான் பார்க்கணும்.

இது நகல்தானே தாத்தா, நகலை ஏன் இப்படிக் குடையுறேங்கிறியா? நகலைக் கேலி பண்ண எனக்கு வாயில்லை. நான் பட்டாளத்துல இருந்தவரைக்கும் தூக்கினது எஸ்.எல்.ஆர். அது என்ன, ஆகாசத்துலேர்ந்து குதிச்சுச்சா? 1962-ல சீனாக்காரன் தானாத் தோட்டா ஏத்திக்கிற துப்பாக்கியோட வந்தான். நம்மாளு கையில ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்து விடுற .303. அடி வாங்கினப்புறம்தான் புத்தி வந்துச்சு. பெல்ஜியக்காரன் போட்ட எஃப்.ஏ.எல். துப்பாக்கியைப் பிரிச்சு, அளந்து, படம் போட்டு, வங்காளத்துல இஷாப்பூர்ல செய்ய ஆரம்பிச்சாங்க. அந்த நகலை வச்சுத்தான் 1971 சண்டையை ஜெயிச்சோம். அப்புறம் வந்த இன்சாஸ் இன்னும் வேடிக்கை. உள்குடல் ஏ.கே. மாதிரி, புகையைக் கூட்டிக் குறைக்கிற திருகு எஃப்.ஏ.எல். மாதிரி, இடப்பக்கம் முன்னாடி இழுக்கிற கைப்பிடி ஜெர்மன்காரனுது மாதிரி. நல்லது எங்க இருந்தாலும் எடுத்துக்கிட்டோம். கெட்டதும் கூடவே கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்துருச்சு.

இன்சாஸைத் திட்டாத ஆள் கிடையாது. நான் திட்ட மாட்டேன். நம்ம திருச்சிக்குப் பக்கத்துலயே 1966-ல வந்த துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கே, அங்கயும் அது உருவாச்சு. நம்ம பக்கத்துப் புள்ளைங்க எத்தனை பேர் சைக்கிளை மிதிச்சுக்கிட்டுப் போய் அங்க வேலை பார்த்திருக்காங்க! ஆனா 1999-ல கார்கில் மலைக்குக் கொண்டு போனப்ப, பனிக்குளிர்ல பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டுச்சு, நடுவுல சிக்கிக்கிட்டு நின்னுச்சு, சுடுறவன் கண்ணுல எண்ணெய் தெறிச்சுச்சுன்னு புகார் வந்துச்சு. 2005-ல நேபாளத்துல மாவோயிஸ்டுகளோட சண்டையில நாப்பதுக்கு மேல சிப்பாய்ங்க செத்தாங்க. அவங்க ராணுவம் இன்சாஸ் காலை வாரிடுச்சுன்னு சொன்னுச்சு. நம்மாளுங்க, ஒழுங்காப் பேணத் தெரியலைன்னு திருப்பிச் சொன்னாங்க. குத்தம் துப்பாக்கியிலயா கையிலயான்னு இன்னைக்கும் பஞ்சாயத்து முடியலை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்தினாங்க. அதையும் சொல்லணும்ல.

இதுல ஒரு கூத்தைக் கேளு. எஸ்.எல்.ஆர்-ல தோட்டா பெருசு, 7.62×51. அடிச்சா ஆள் எழ மாட்டான். ஆனா கனம், உதை. சுட்டு முடிச்சா தோள்பட்டை கன்னிப்போய் ரெண்டு நாளைக்குச் சட்டை மாட்ட முடியாது. அதனால சின்னத் தோட்டா போதும், 5.56-க்கு மாறுவோம்னாங்க. நிறையத் தூக்கலாம், நிறையச் சுடலாம், எதிரி காயப்பட்டா அவனைத் தூக்க இன்னும் ரெண்டு பேர் வேணும், அப்படின்னு கணக்குச் சொன்னாங்க. வந்துச்சு இன்சாஸ். கொஞ்ச வருஷம் கழிச்சு, தீவிரவாதி குண்டு பட்டும் எழுந்து ஓடுறான், இது பத்தாதுன்னாங்க. மறுபடியும் பெரிய தோட்டா! 2019 பிப்ரவரியில அமெரிக்காவுலேர்ந்து சிக் 716-ன்னு 72,400 துப்பாக்கி வாங்கினாங்க. எந்தத் தோட்டா? 7.62×51. நான் வச்சிருந்த அதே தோட்டா! 2024 ஆகஸ்டுல இன்னொரு 73,000-க்கு ஆர்டர். நான் பென்ஷன் வாங்கி வந்தப்ப ஒப்படைச்ச உதையை, சுத்து சுத்திக் கடல் தாண்டிப் போய்த் திரும்ப வாங்கிட்டு வந்திருக்காங்க. உன்னோட ஏ.கே. 203-க்கு 7.62 ஆனாலும் குட்டைத் தோட்டா, 7.62×39. ஆக ஒரே பட்டாளத்துல மூணு அளவு தோட்டா. ஸ்டோர்ல இருக்கிற சுபேதாரை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு.

எது நல்லதுன்னு கேக்குறியா? ரெண்டும் நல்லதுதான், இடத்தைப் பொறுத்து. மலையுச்சியில எதிர் மலையில இருக்கிறவனை அடிக்கணும்னா சிக். புதர்ல, சேத்துல, வீட்டுக்கு வீடு நுழையுற வேலையில ஏ.கே. சேத்துல விழுந்தாலும் உதறிட்டுச் சுடும், கிராமத்துப் புள்ளைக்கும் ஒரு நாள்ல பிரிச்சு மாட்டத் தெரியும். நம்ம திருச்சி ஆலையிலயும் ஏ.கே. குடும்பத்துல 'டார்'னு ஒண்ணு செய்யுறாங்க, திருச்சிப் பேரையே வச்சு. உனக்கு நகல் வேணும்னா ஊர்ப்பேர் வச்ச அதை வாங்கியிருக்கக் கூடாதா? பெருமைக்காவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.

ராணுவத்துலயே பொம்மைத் துப்பாக்கி உண்டு, தெரியுமா? டி.பி. ரைபிள்னு சொல்வோம், டிரில் பழக மட்டும். பழைய .303-ல தோட்டா போடுற இடத்துல ஓட்டை போட்டுட்டு, இது சுடாதுன்னு தெரியுற மாதிரி வெள்ளைப் பட்டை அடிச்சு வைப்பாங்க. என்.சி.சி. புள்ளைங்க தோள்ல வச்சு நடக்குமே, அதான். கோயில்ல மூலவர் உள்ளயே இருக்க, வீதியுலாவுக்கு உற்சவர் வர்ற மாதிரி. உற்சவருக்கும் பூசை உண்டு, மரியாதை உண்டு. ஆனா எது எதுன்னு குருக்களுக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் அதையும் தாண்டிட்டான். அவன் நாட்டுல நெசத் துப்பாக்கி வச்சுக்க மகா கட்டுப்பாடு, அதனாலயே பொம்மைத் துப்பாக்கி பெரிய தொழில். அங்க பொம்மைக்கும் சட்டம் இருக்கு, ஆறு மில்லிமீட்டர் குண்டு ஒரு ஜூலைத் தொடக் கூடாது. டோக்கியோ மருய்னு ஒரு கம்பெனி, அவங்க ராணுவத்தோட 89-ம் ரகத் துப்பாக்கியை அப்படியே மின்சாரப் பொம்மையாச் செஞ்சான். அவங்க தரைப்படையே, வீட்டுக்குள்ள நுழைஞ்சு சண்டை போடுற பயிற்சிக்கு அந்தப் பொம்மையை எடுத்துக்கிச்சு! 2020-ல அவங்களுக்குப் புதுசா 20-ம் ரகம்னு வந்துச்சு, மூணரைக் கிலோ. தீவுக்குத் தீவு உப்புத் தண்ணியில இறங்கணுமேன்னு துருப்பிடிக்காத மாதிரி பார்த்துச் செஞ்சிருக்கான். அதனால நான் பொம்மையை மட்டமாப் பேசலை. பொம்மையில பழகலாம். எப்படித் திரும்பறது, கதவோரத்துல எப்படி நிக்கிறது, விரலை எப்போ டிரிக்கருக்குக் கொண்டு போறது, எல்லாம் பழகலாம். நீ பழகினது என்ன? ஸ்டேட்டஸ்ல போட்டோ எப்படிப் போடறது. அதுலயும் விரலை டிரிக்கர்ல வச்சுக்கிட்டே நிக்கிறே. எனக்குப் பயிற்சி குடுத்த உஸ்தாத் பார்த்திருந்தா அந்தத் துப்பாக்கியைத் தலைக்கு மேல தூக்க வச்சு மைதானத்தைச் சுத்த விட்டிருப்பார். உன்னோடது கனமில்லாததால தப்பிச்சே.

நெசத் துப்பாக்கி வச்சிருக்கவன் செய்யுற வேலையில சுடுறது ரொம்பக் கொஞ்சம்டா. மிச்சமெல்லாம் துடைக்கிறது, தூக்குறது, கணக்குக் காட்டுறது. புல் துரூன்னு கயிறு, அதோட நுனியில எண்ணெய் தொட்ட சிந்தித் துணி. குழலுக்குள்ள இழுப்போம், வெள்ளையா வர்ற வரைக்கும். வெள்ளையா வந்தாலும் உஸ்தாத் கண்ணுக்கு அது கறுப்புதான். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பின்கட்டையில ஒரு நம்பர், பட் நம்பர்னு. காலையில கோத்துங்கிற ஆயுத அறையிலேர்ந்து வாங்கறப்ப கையெழுத்து, சாயங்காலம் ஒப்படைக்கிறப்ப எண்ணிக்கை. பேரு மறந்தாலும் மறக்கலாம், அந்த நம்பரை மறந்தா அன்னைக்குச் சோறு இறங்காது.

ரேஞ்ச்சுல சுட்டு முடிச்சா, வெளியில தெறிச்ச காலிக் கேஸ் ஒவ்வொண்ணையும் பொறுக்கணும். கோக்கான்னு பேரு. பத்துச் சுட்டா பத்துக் கோக்கா. ஒண்ணு குறைஞ்சா மொத்தக் கம்பெனியும் வெயில்ல வரிசையாக் குந்தி, புல்லை விரலால சீவிச் சீவித் தேடணும். ஆபீசர் குடைக்கடியில நிப்பார், நாங்க தவழுவோம். வெடிச்ச தோட்டாவோட வெத்து ஓட்டுக்கே அந்தக் கணக்குன்னா துப்பாக்கியே தொலைஞ்சா என்ன ஆகும்னு நெனைச்சுப் பாரு. விசாரணை, தண்டனை, ஊருக்கே தூக்கம் கிடையாது. நீ நேத்து சுட்ட குண்டெல்லாம் எங்க? வாசல் பூரா மஞ்சமஞ்சளாக் கிடக்கு. உன் அம்மா பெருக்குறா. கோழி ஒண்ணைக் கொத்தி முழுங்கிருச்சு, அதுக்கு எந்த ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடப் போறே?

இதைக் கேலியா எடுத்துக்க. அடுத்து சொல்லப் போறதை அப்படி எடுத்துக்காதே. இந்த முனையைக் காட்டு. இது என்னடா கறுப்பு? உன் தங்கச்சியோட நெயில் பாலிஷா? நெனைச்சேன். உள்ள ஆரஞ்சு தெரியுது பாரு, என் நகத்துலயே சுரண்டினா வந்துருச்சு. நெசமானது மாதிரி தெரியணும்னு பூசினியாக்கும். அமெரிக்காவுல பொம்மைத் துப்பாக்கின்னா முனையில ஆரஞ்சு நிறம் இருந்தே ஆகணும்னு சட்டமே போட்டான். ஏன்? எதிர்ல நிக்கிறவனுக்கு யோசிக்க நேரம் இருக்காது. 2014-ல கிளீவ்லாந்துங்கிற ஊர்ல பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தன் பூங்காவுல இதே மாதிரி ஒரு பொம்மையை வச்சு விளையாடிக்கிட்டிருந்தான். அதுல அந்த ஆரஞ்சு முனை இல்லை. போலீஸ்காரன் வண்டியில வந்து இறங்கி ரெண்டே வினாடிதான். சுட்டுட்டான். புள்ளை போயிட்டான். அது பொம்மைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

இங்க அப்படி நடக்காதுங்கிறியா? நடக்க வேணாம். தேர்தல் நேரத்துல லைசன்ஸோட நெசத் துப்பாக்கி வச்சிருக்கவனே ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போய் ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிட்டு வர்றான். நீ பச்சைப் புள்ளி டிசைன் பனியனைப் போட்டுக்கிட்டு, முதுகுல இதை மாட்டிக்கிட்டு, பைக்ல புதுக்கோட்டை ரோட்டுல பறக்கப் போறேங்கிறே. செக்போஸ்ட்ல நிக்கிற ஏட்டய்யாவுக்கு ராத்திரி டியூட்டி, தூக்கக் கலக்கம், இடுப்புல நெசமானது. அவர்கிட்ட பேட்டரி, மோட்டார், பல்சக்கரம்னு நீ பாடம் நடத்துறதுக்குள்ள என்ன ஆகும்? போ, அந்த அசிட்டோனை எடுத்துட்டு வந்து என் கண் முன்னாடி துடை. வெளியில எடுத்துட்டுப் போனா பைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போ. முதல்ல எடுத்துட்டே போகாதே.

துடைச்சியா? நல்லா இருக்கு. இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு, கிளி மூக்கு மாதிரி.

அடுத்து இதுக்கு மேல தொலைநோக்கி வாங்கணும்னு உன் பாட்டிகிட்ட ரெண்டாயிரம் கேட்டியாமே. அவ என்கிட்ட வந்து நிக்கிறா. இருபது முப்பது மீட்டர் போற குண்டுக்குத் தொலைநோக்கி எதுக்குடா? எங்க காலத்துல நாங்க முந்நூறு மீட்டர் தள்ளி நிக்கிற பலகையை வெறுங்கண்ணால பார்த்து அடிச்சோம். அடிச்சோமா இல்லையாங்கிறது வேற விஷயம், பார்த்தோம். அந்தக் காசுக்கு வேற வழி சொல்றேன். கடலைக் கொல்லையில மயில் இறங்கி வரிசை வரிசையாக் கிளறிட்டுப் போகுது. டின் தட்டுறதுக்கு ஆள் கூப்பிட்டா ஒரு காலைக்கு முந்நூறு கேக்குறான். பேட்டரியை ராத்திரி சார்ஜ் போட்டு வை. விடியக்காலம் என்கூட வா. குண்டு ஒண்ணு கூட உள்ள இருக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன். மயில் மேல கீறல் விழுந்தா 1972 வனவிலங்குச் சட்டத்துல உள்ள வச்சிடுவான், அதுக்கு ஜாமீன் எடுக்க என்கிட்ட கொல்லை மட்டும்தான் இருக்கு. மோட்டாரை மட்டும் கர்ர்ர்னு ஓட்டு. பறந்துச்சுன்னா முந்நூறுல பாதி உனக்கு. பறக்கலைன்னா டின் என் கையில இருக்கும், நீ தட்டுறே.